கண்டதும் நினைவில் நின்றதும்

நம் சங்க அங்கத்தினருள் எவரேனும் ஒருவரிடம், "பத்து ரூபாய் நோட்டின் பின்புறம் என்ன படம் அச்சிட்டிருக்கிறது?" என்று முன்னறிவிப்பின்றிக் கேட்டுப் பாருங்கள். சந்தையிலும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் நாள்தோறும் கைமாறும் நோட்டுத்தான். ஆயினும் பலர் தயங்குவர். கோபுரம் என்பார் ஒருவர், தேர் என்பார் மற்றொருவர். 2018ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பழுப்பு நிற நோட்டில் இருப்பது கோனார்க் சூரியன் கோயிலின் சக்கரம். தேர் இருப்பது ஐம்பது ரூபாய் நோட்டில். அது ஹம்பியின் கல்தேர். ஆயிரம் முறை கண்ணுக்கு முன் வந்துபோன ஒன்று நினைவில் ஏன் நிற்கவில்லை?

இக்கேள்வியை அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1979இல் ஆராய்ந்தனர். அந்நாட்டு ஒரு செண்டு நாணயத்தைப் பதினைந்து விதமாக வரைந்து, அவற்றுள் ஒன்று மட்டும் மெய்யான உருவமாக இருக்குமாறு வைத்து, எது சரி என்று கேட்டனர். பிறந்தது முதல் அந்த நாணயத்தைப் புழங்கியவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே சரியானதைச் சுட்டினர். நாணயத்தைச் செலவிடுவதற்கு அதன் நிறமும் அளவும் தெரிந்தால் போதும். தலைவரின் முகம் எப்பக்கம் நோக்குகிறது என்பதை அறிந்து எவருக்கும் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே கண் அதைப் பார்த்தது, மனம் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் என் இரண்டு கண்களாலும் பார்த்தேன்" என்று சொல்வதை நாம் பெரிய சான்றாகக் கொள்கிறோம். துணி ஒப்படைக்கும் மேசையிலும், மஞ்சள் ஏலக் களத்திலும், கணக்கு விசாரணையிலும் இச்சொல் அடிக்கடி எழுகிறது. பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்த்த அக்கணத்தில் அவருடைய கவனம் எங்கே இருந்தது, அவர் செய்யவேண்டிய செயல் ஏதேனும் இருந்ததா என்பதைப் பொறுத்தே அந்தக் காட்சி நினைவில் தங்கும். இதுபற்றிச் சென்ற பதினைந்து ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி, நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் நேரடியாகப் பயன்படக் கூடியதென்று தோன்றியமையால் இங்கே எழுதத் துணிந்தேன்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கீனா ஸ்வாலோ, யுஹோங் ஜியாங் என்னும் இரு பெண்மணிகள் 2010இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். சோதனைக்கு வந்தவர்களின் முன் ஊர், காடு, அறை, தெரு முதலிய காட்சிகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு படமும் அரை வினாடிதான் நிற்கும். படத்தின் நடுவே ஒரு சிறு சதுரமும் தோன்றும். பெரும்பாலும் அது கறுப்பு, எப்போதேனும் வெள்ளை. வெள்ளைச் சதுரம் வந்தால் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். கறுப்பு வந்தால் சும்மா இருக்க வேண்டும். படங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் கொடுத்தால் என்ன நடக்கும்? பொத்தானை அழுத்தும் கணத்தில் மனம் அதில் முனைந்துவிடுவதால் அப்போது வந்த படம் மறந்துபோகும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஒரே நேரத்தில் இரண்டு குதிரைகளில் சவாரி செய்ய இயலாது என்பது நம் அனுபவம் அல்லவா?

நடந்ததோ இதற்கு நேர்மாறு. வெள்ளைச் சதுரத்தோடு வந்த படங்களே பின்னர் நன்றாக நினைவில் இருந்தன. கறுப்புச் சதுரத்தோடு வந்த படங்கள் அவ்வளவு நிற்கவில்லை. சதுரத்திற்கும் படத்திற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும், "இதோ நான் எதிர்பார்த்தது வந்துவிட்டது" என்று மனம் கண்டுகொண்டு மறுமொழி தந்த அந்தக் கணம், பக்கத்தில் இருந்த காட்சியையும் சேர்த்துப் பதிந்துகொண்டது. இருட்டில் ஒருவர் தம் சாவியைத் தேடுவதற்காக விளக்கை ஏற்றினால், சாவியோடு அறையில் உள்ள பிற பொருள்களும் தெரிவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலும் சில விவரங்கள் இச்சோதனைகளிலிருந்து தெரியவந்தன. சதுரத்திற்குப் பதிலாக இரு வேறு ஒலிகளை எழுப்பி, ஒன்றுக்கு மட்டும் மறுமொழி தரச் செய்தபோதும் படங்களின் நினைவு அவ்வாறே உயர்ந்தது. காதால் கேட்ட குறிப்புக்கு விடையளித்ததால் கண்ணால் கண்டது நிலைத்தது என்பது வியப்பன்றோ? பொத்தானை அழுத்தாமல் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தாலும் பலன் கிடைத்தது; ஆதலால் கையசைவு மட்டும் காரணமன்று. குறி அபூர்வமாக வந்ததால்தான் நினைவு நின்றதோ என்ற ஐயத்தையும் அவர்கள் சோதித்தனர். குறியும் குறியல்லாததும் சம அளவில் வந்தபோதும் குறிக்கே ஆதாயம். ஒரு கட்டுப்பாடும் உண்டு. குறி தோன்றிய அதே கணத்தில் கண்முன் இருந்த படத்திற்கே இந்த ஆதாயம். அதற்கு முன்னும் பின்னும் வந்துபோன படங்களுக்கு இல்லை. பிற ஆராய்ச்சியாளர்கள் படங்களுக்குப் பதில் சொற்களை வைத்துச் செய்தும் இதே முடிவைக் கண்டனர்.

உடலுக்குள் இது எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. மூளையின் அடித்தண்டில் உள்ள மிகச் சிறிய நரம்புத் தொகுதி ஒன்று, முக்கியமான குறியைக் கண்ட கணத்தில் தூண்டப்பட்டு, ஒருவகை இரசாயனப் பொருளை மூளை முழுவதும் பரப்புகிறதென்றும், அதனால் அக்கணத்தில் வந்த செய்திகள் யாவும் கூர்மை பெறுகின்றன என்றும் கருதுகின்றனர்.

விஞ்ஞானக் கூடத்தில் இது புதிதாயினும் தமிழ்நாட்டுக்கு இத்தகைய காட்சி புதிதன்று. அவதானக் கலையை நம்மில் முதியோர் அறிவர். கவனகம் என்றும் அதைச் சொல்வதுண்டு. அவையினர் பலர் பலவிதமான கேள்விகளை மாறிமாறித் தொடுப்பர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குப் போடுவார். இடையிடையே ஒருவர் மணியை அடிப்பார். இன்னொருவர் முதுகின்மேல் பூவையோ சிறு கல்லையோ எறிவார். இறுதியில் அவதானி பாடல்களை முடித்துச் சொல்வதோடு, மணி எத்தனை முறை ஒலித்தது, கல் எத்தனை விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் செலுத்திக் காட்டிச் "சதாவதானி" எனப் பெயர் பெற்றார்.

மணியோசை அவதானிக்கு இடையூறு என்று பார்ப்பவர் நினைப்பர். மேற்சொன்ன சோதனைகளை அறிந்த பின், அது முழு உண்மையாக இருக்குமா என்று எனக்கு ஐயம் எழுகிறது. எண்ணப்படாத ஓசை இடையூறுதான். ஆனால் ஒவ்வோர் ஓசைக்கும் மனம், "ஒன்று, இரண்டு" என விடை கொடுத்துக்கொண்டே இருப்பதால், அந்த ஓசை எழுந்த கணத்தில் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் சற்று அழுத்தமாகப் பதிந்திருக்கக் கூடும். இது என் ஊகமே. அவதானத்தின் திறமை முழுவதும் இதனால் வந்தது என்று சொல்ல வரவில்லை. யாப்பறிவும் பல்லாண்டுப் பயிற்சியும் இன்றி அந்த மேடையில் ஒருவரும் அமர முடியாது.

அன்றாட வேலையில் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு ஈரோட்டிலும் போத்தனூரிலும் நாள்தோறும் நடக்கிறது. ரயில் எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் கைகாட்டி கண்ணுக்குத் தெரிந்தவுடன் அதன் நிறத்தை ஒருவர்க்கொருவர் உரக்கக் கூறிக்கொள்ள வேண்டும் என்பது ரயில்வே விதி. பச்சையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் என்ன என்று கேட்கலாம். பார்ப்பது பழக்கமாகிவிட்டால், சிவப்பையும் பச்சையாகவே மனம் கொண்டுவிடும் ஆபத்து உண்டு. வாய் திறந்து சொல்லும்போது கண்ட நிறம் வேறு, சொன்ன நிறம் வேறு என்றால் உடனே உறுத்தும். கூட இருப்பவரும் திருத்துவார். ஜப்பானிய ரயில்வேயில் விரலால் சுட்டிக்காட்டி வாயாலும் சொல்லும் வழக்கம் நூறாண்டுப் பழமையது. அந்நாட்டு ரயில்வே ஆராய்ச்சி நிலையம் 1994இல் செய்த சோதனையில், சும்மா பார்த்துச் செய்தவர்கள் நூற்றுக்கு 2.38 பிழை செய்ய, சுட்டியும் சொல்லியும் செய்தவர்களின் பிழை 0.38ஆகக் குறைந்தது. இச்சோதனை நினைவைப் பற்றியதன்று, பிழையைப் பற்றியது. எனினும் காணும் கணத்தில் ஒரு செயலைச் சேர்ப்பது கவனத்தை எழுப்புகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

இனி நம் தறிக்குழிக்கு வருவோம். நெய்துகொண்டிருக்கும் நெசவாளரிடம், காலை முதல் எத்தனை முறை நாடா ஓடியது என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் பாவில் எங்கே இழை அறுந்தது, எத்தனை இடத்தில் முடிந்தார் என்று கேளுங்கள்; முழக்கணக்கோடு சொல்வார். சில வேளை அப்போது வானொலியில் என்ன பாட்டு ஓடியது, வாசலில் யார் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் நெசவாளரைச் சென்னிமலையிலும் பவானியிலும் நான் கண்டிருக்கிறேன். இழை அறுந்தது ஒரு குறி. அதைக் கண்டு, தறியை நிறுத்தி, முடிந்து, மறுபடி மிதித்தது அதற்கான மறுமொழி. அந்தக் கணமே நிற்கிறது. சிக்கலின்றி ஓடிய மணிக்கணக்கு கரைந்துபோகிறது.

மஞ்சள் ஏலத்திலும் இப்படித்தான். ஈரோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கக் கிடங்கில் வரிசையாக வைத்த மாதிரிகளின் ஊடே வியாபாரியும் நடக்கிறார், மஞ்சள் கொண்டுவந்த விவசாயியும் நடக்கிறார். வியாபாரி ஒவ்வொரு மாதிரியையும் எடுத்து, ஒடித்துப் பார்த்து, விலை குறிக்கக் கடமைப்பட்டவர். அன்று மாலை அவரிடம் கேட்டால் எந்த வரிசையில் விரலி நன்றாயிருந்தது, எதில் கிழங்கு ஈரமாயிருந்தது என்று சொல்லக்கூடும். விவசாயிக்கோ தம் குவியல் ஒன்றே நினைவிருக்கும். அறிவில் இவர் குறைந்தவர் என்பதன்று பொருள். இவர் எந்தக் குவியலுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே. அடுத்த முறை ஏலத்துக்குச் செல்லும் விவசாயி, ஒவ்வொரு மாதிரியின் முன்னும் நின்று, "இது என்ன விலைக்குப் போகும்?" என்று தம் மனத்துக்குள் ஒரு தொகையைச் சொல்லிக்கொண்டு நடக்கட்டும். சில வாரங்களில் அவருடைய கண்ணும் வியாபாரியின் கண்ணைப் போலாவதற்கு வாய்ப்புண்டு. பேரம் பேசும் வேளையில் இதன் அருமை தெரியும்.

எனது சரகத்திலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகராறு நேர்ந்தது. நெசவாளர் ஒருவர் ஒப்படைத்த படுக்கை விரிப்புகளில் இரண்டில் ஊடை விடுபட்ட கோடு இருப்பதாகப் பின்னர்க் கிடங்கில் கண்டுபிடித்துக் கூலியில் பிடித்தம் செய்துவிட்டனர். நெசவாளரோ, "மேசையில் விரித்துக் காட்டியபோது ஒரு குறையும் இல்லை, நான் பார்த்தேன், ஐயாவும் பார்த்தார்" என்றார். துணி வாங்கியவர், "நான் பார்த்தபோதே ஐயமாகத்தான் இருந்தது" என்றார். இருவரும் பொய் சொல்லும் மனிதர் அல்லர். பதிவேட்டிலோ மொத்த எண்ணிக்கை மட்டுமே இருந்தது. அறுபது விரிப்புகளை மடிப்பு மடிப்பாகப் புரட்டிப் பார்த்த இருவரில் எவருக்கும் அந்த இரண்டு விரிப்புகள் நினைவிருக்க நியாயமில்லை. ஏனெனில் அவற்றின்மேல் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை, ஒரு குறியும் இடப்படவில்லை. நினைவு இல்லாத இடத்தைப் பின்னால் வந்த கோபமும் வருத்தமும் நிரப்பிக்கொண்டன.

இதன்பின் அச்சங்கத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். ஒவ்வொரு விரிப்பையும் புரட்டும்போது துணி வாங்குபவர், "சரி" என்றோ "கோடு" என்றோ உரக்கச் சொல்ல வேண்டும். நெசவாளர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சீட்டில் ஒரு கோடு போட வேண்டும். முதலில் சிரித்தனர். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கிறது என்றனர். நேரம் சற்று அதிகமாகிறது என்பதும் மெய்யே. ஆனால் மேசையிலேயே முடிந்துபோகும் தகராறு கிடங்குவரை போவதில்லை. "மூன்றாவது கட்டில் ஒன்றில் கோடு என்றோமே" என்று இருவரும் ஒரே வாயாகச் சொல்வதை நானே கேட்டேன். கூலியில் பிடித்தம் என்பது கணக்கெழுதுபவருக்கு ஓர் எண். தறியில் இருப்பவருக்கு அது அந்த வாரத்து அரிசி.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னதாகும். ஒன்றில் முனைந்த கண் மற்றொன்றை அடியோடு காணாமலும் போகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைமன்ஸ், சாப்ரி என்ற இருவர் 1999இல் செய்த சோதனை பெயர்பெற்றது. சிலர் பந்தை வீசி விளையாடும் படத்தைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தை மாற்றிக்கொண்டனர் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே மனிதக் குரங்கு வேடமிட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, நடந்து போனார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைப் பார்க்கவேயில்லை! படிப்பும் பயிற்சியும் இருந்தால் இது நேராது என்று எண்ண வேண்டாம். 2013இல் நுரையீரல் படங்களில் கட்டியைத் தேடிய தேர்ந்த மருத்துவர் 24 பேருக்கு, கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய குரங்கு உருவம் ஒன்றைப் படத்தில் ஒட்டிக் கொடுத்தனர். 20 பேர் அதைக் காணவில்லை.

முன் சொன்ன சோதனையில் ஆதாயம், இப்போது சொன்னதில் நட்டம்; இவை இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். முதலாவதில் படங்களையும் நினைவில் வை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். படத்துக்கும் மனத்தின் வாசல் திறந்திருந்தது. இரண்டாவதில் குரங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கறுப்பாக அசைவனவற்றை விலக்குவதே அங்கே வேலையாயிருந்தது. ஆதலால் பரிசோதிப்பவர்க்கு எந்தக் கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பது முக்கியமாகிறது. "கோடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், சாயம் வேறுபட்டிருப்பதை அவர் தவறவிடலாம்.

தென்னந்தோப்புக்காரர் இதைச் செலவு செய்து அறிந்திருக்கிறார்கள். சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016இல், பொள்ளாச்சிப் பகுதியில்தான். அந்த ஈ ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிடும். அது சுரக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் வடிந்து, கரும்பூஞ்சாணம் படர்ந்து, மட்டை கறுத்துப்போகும். காய்க்குலையை நோக்கியே பழகிய கண் தோப்பில் நாள்தோறும் நடந்தாலும் ஓலையின் அடிப்புறத்தைக் காண்பதில்லை. மட்டை கறுத்த பின்பே காண்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் குறிப்பிட்ட பத்து மரங்களின் கீழோலையைத் திருப்பிப் பார்த்து, "உண்டு", "இல்லை" என ஒரு நோட்டில் எழுதிவரும் விவசாயிக்குத் தோப்பின் நிலை மரம் மரமாக நினைவிலிருக்கும். பயிர் எதுவாயினும் இம்முறை பொருந்தும்.

விசாரணை பற்றியும் ஒரு வார்த்தை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும்போது அங்கத்தினர் பலர் வாக்குமூலம் தருகின்றனர். பணம் எண்ணியவர், கையொப்பமிட்டவர், மூட்டையைத் தராசில் ஏற்றியவர் ஆகியோர் சொல்வதற்கும், அவ்விடத்தில் சும்மா நின்றவர் சொல்வதற்கும் நான் ஒரே எடை கொடுப்பதில்லை. நின்றவர் பொய்யர் என்பதால் அன்று. ஆகவே, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். சிலருக்கு இக்கேள்வி அவமதிப்பாகத் தோன்றுகிறது. அப்படிக் கொள்ள வேண்டாமென்று அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

விரும்புவோர் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் நல்ல பொழுதுபோக்கு. பழைய நாட்காட்டி, வார இதழ் முதலியவற்றிலிருந்து எண்பது படங்களை வெட்டி எடுங்கள். நாற்பதைத் தனியே மறைத்து வைத்துவிடுங்கள். மற்ற நாற்பதை ஒருவர் விரைவாகப் புரட்டிக் காட்டட்டும். ஒவ்வொரு படம் திரும்பும் அதே நொடியில் இன்னொருவர் வெண்கலச் சொம்பையோ மரப்பலகையையோ கரண்டியால் தட்டட்டும். எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, இரண்டையும் இருபது இருபதாகக் கலந்து தட்ட வேண்டும். சொம்பு ஒலித்தால் பார்ப்பவர்கள் கைதட்ட வேண்டும். பலகை ஒலித்தால் சும்மா இருக்க வேண்டும். படங்களை நினைவில் வைக்கச் சொல்லவும் மறவாதீர்கள். அரைமணி நேரம் கழித்து, எண்பதையும் கலைத்துப்போட்டு, முன்பு கண்டவை எவை என்று கேளுங்கள். சொம்போடு வந்தவற்றில் எத்தனை, பலகையோடு வந்தவற்றில் எத்தனை என்று தனித்தனியே எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் வைத்துச் செய்தால் வேறுபாடு தெரியாமற் போகலாம். ஆறேழு பேரையாவது தனித்தனியே சோதித்து, கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒலி படத்துக்கு முன்போ பின்போ விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கடினம். தறியில் கால் பழகியவர் ஒருவரிடம் கரண்டியைக் கொடுத்தால் தாளம் தவறாது.